படுகளம் ஏற்ற கதை

2011 ஏப்ரல் 9ஆம் தேதி ‘பொன்னர் சங்கர்’ திரைப்படம் வெளியானது. மு. கருணாநிதியின் நாவல், அவரே எழுதிய திரைக்கதை வசனம், தியாகராஜனின் இயக்கம், பிரசாந்துக்கு இரட்டை வேடம், இளையராஜாவின் இசை என்று எல்லாம் பெரிய அளவில் அமைந்த படம் அது. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு நான்கே நாள் இருந்தபோது திரைக்கு வந்ததால் அதைப் பற்றிய பேச்சில் அரசியலும் கலந்திருந்தது. ஆனால் பல்லடம், பொங்கலூர், காங்கயம் பக்கத்து மக்களுக்கு அந்தப் படத்தின் முன் எழுந்த கேள்வி அரசியல் சம்பந்தப்பட்டதல்ல. படத்தின் நாயகர்கள் இருவரும் இந்தப் பக்கத்துக் கோயில்களில் சாமிகளாக நிற்பவர்கள். அண்ணன்மார் என்று சொன்னாலே போதும், பெயர்கூட வேண்டியதில்லை. அந்த அண்ணன்மார் உடுக்கடிப் பாட்டில் மணம் முடித்தும் மனைவியரைத் தொடாதவர்கள், பதினாறு வயதில் மாண்டவர்கள். திரையில் அவர்களுக்குக் காதலும் உண்டு, காதல் பாட்டும் உண்டு. இரண்டில் எது அண்ணன்மார் கதை? அதைச் சொல்லும் உரிமை நாவலாசிரியருக்கா, பாட்டுக்காரருக்கா, ஏட்டுச் சுவடிக்கா, கோயிலுக்கா?

சினிமா உலகில் இந்தக் கேள்விக்கு ஒரு முகவரி இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை ஒட்டி இருபது, முப்பது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான நாவல்களும் சித்திரக்கதைகளும் வந்து குவிந்திருந்தன. 2012இல் டிஸ்னி அந்தப் படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை வாங்கியது. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: திரைப்படங்களும் குறிப்பிட்ட சில தொடர்களும்தான் உண்மைக் கதை, மற்றவையெல்லாம் இனி வெறும் பழங்கதைகள். ஒரே நாளில் பல வாசகர்களின் இளமைக்கால நினைவு செல்லாததாகிவிட்டது. நம் பக்கத்திலும் இதன் சிறிய வடிவம் உண்டு. கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜ் ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022), ‘லியோ’ (2023) ஆகிய படங்களை ஒரே உலகமாகக் கோத்தபோது, 1986இல் வந்த கமலின் பழைய ‘விக்ரம்’ இந்த உலகத்துக்குள் எந்த அளவு சேரும் என்று ரசிகர்கள் வாதாடினார்கள். ‘லியோ’ உள்ளே வருமா வராதா என்று படம் வெளியாகும்வரை ஊகித்தார்கள். அங்கெல்லாம் கடைசிச் சொல் இயக்குநரிடமோ உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடமோ இருக்கிறது. அண்ணன்மார் கதைக்கு உரிமையாளர் கிடையாது. ஆசிரியர் பெயர் வைத்துக் காப்புரிமை கோர ஆளில்லை. அப்படியிருந்தும் கொங்கு நாட்டில் அது பல தலைமுறைகளாக ‘இதுதான் கதை’ என்ற உறுதியோடு நடந்து வந்திருக்கிறது. உரிமையாளர் இல்லாத கதைக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

கொங்கு நாட்டை 24 நாடுகளாகப் பிரித்துச் சொல்லும் பழைய மரபில் பொங்கலூர் ஒரு நாடு. காங்கேய நாடு, பூந்துறை நாடு, தென்கரை நாடு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது. இன்று கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்துக்கும் அவிநாசிபாளையத்துக்கும் இடையில் உள்ள ஊர். 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். 2006 தேர்தல்வரை சட்டமன்றத் தொகுதிக்கும் இதே பெயர் இருந்தது; தொகுதி மறுவரையறையில் அது போய்விட்டது. கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் பின்னர் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீரும் தாங்கிய மேட்டுநிலம் இது. காடு திருத்தி, கல் பொறுக்கி, தண்ணீருக்குக் காத்திருந்து விவசாயம் பார்த்த மக்கள், விளைநிலத்தை அழிக்க வரும் காட்டுப்பன்றியைக் கதையின் நடுவில் வைத்த ஒரு காவியத்தைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இத்தனைக்கும் கதையின் நிகழிடம் இங்கில்லை. பொன்னி வளநாடு, வீரமலை, வீரப்பூர் எல்லாம் கிழக்கே மணப்பாறைப் பக்கம், இன்றைய திருச்சி மாவட்டத்தில் இருக்கின்றன. வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் கோயில் இருக்கிறது; மாசித் திருவிழாவில் வேடபரி ஊர்வலம் நடக்கிறது. கொங்கு நாட்டின் கீழ் எல்லையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சண்டை, மேற்கே பொங்கலூர்வரை குலதெய்வ வழிபாடாகப் பரவியிருக்கிறது.

கதையை இங்கே முழுக்கச் சொல்ல இடமில்லை. வாதத்துக்கு வேண்டிய அளவு போதும். பங்காளிகளால் துரத்தப்பட்டு நிலம் இழந்து மீண்டும் நிலம் பெற்றவர் குன்னுடையாக் கவுண்டர். அவர் மனைவி தாமரை நீண்ட காலம் பிள்ளையில்லாமல் தவமிருந்து பெற்றவர்கள் பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். மூத்தவர் அடக்கமானவர், இளையவர் ஆவேசக்காரர். தங்கைக்காகக் கிளி பிடிக்கப் போனதில் வேட்டுவரோடு பகை மூள்கிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றி ஏவிவிடப்படுகிறது. அண்ணன்மாரின் உதவியாள் சாம்புகன் துணையோடு பன்றி கொல்லப்படுகிறது. பிறகு சண்டை, மாயவராகிய திருமாலின் சூழ்ச்சி, சங்கர் தன் வாளிலேயே விழுந்து சாவது, பொன்னரும் அப்படியே. தங்கை தேடி வருகிறாள், களத்தில் கிடப்பவர்களை எழுப்புகிறாள், அவர்கள் சற்று நேரம் பேசிவிட்டு மறுபடி போய்விடுகிறார்கள். பாண்டவர்களே இப்படிப் பிறந்தார்கள் என்று பல பாடங்கள் சொல்கின்றன. இந்த எலும்புக்கூட்டின் மேல் ஒவ்வொரு பாட்டுக்காரரும் தன் சதையை வைத்தார்.

உடுக்கடிப் பாட்டு என்று கொங்கில் சொல்வது ஒருவர் தனியாக ஒப்பிக்கும் மனப்பாடம் அன்று. பாட்டுக்காரர் உடுக்கையைத் தட்டிப் பாடுவார், வசனமாகப் பேசுவார், இடையே நிறுத்துவார். கூட உட்கார்ந்திருக்கும் துணைப்பாட்டுக்காரர் ஆமாம் போடுவார், கேள்வி கேட்பார், பாட்டைத் திருப்பிப் பாடுவார். ஓர் இரவில் முடியாது. கோயில் நோம்பி சாட்டினால் இரவு இரவாகப் போகும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் கதை தெரியாதவர்கள் அல்லர். குழந்தையாக மடியில் படுத்து அரைத்தூக்கத்தில் கேட்டு, பிறகு இளைஞராகக் கேட்டு, பேரனை மடியில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள். இந்தக் கூட்டத்தின் முன்னால் பாட்டுக்காரருக்குச் சுதந்திரமும் உண்டு, கட்டும் உண்டு. தாமரையின் வேதனையை ஓர் இரவு முழுக்க நீட்டலாம். பெண்கள் கண்ணீர் விடுகிறார்கள் என்றால் இன்னும் நீட்டலாம். பங்காளிச் சண்டையில் அந்த ஊருக்குத் தெரிந்த வசவுகளைச் சேர்க்கலாம். ஆனால் சங்கரைப் பிழைக்க வைக்க முடியாது. தங்காளுக்குக் கல்யாணம் செய்து வைக்க முடியாது. இதற்கு எழுதி வைத்த விதி எதுவும் கிடையாது. கேட்பவர்களின் நினைவே அந்தக் காவலைச் செய்தது.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு அரிய சான்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயத்துக்குக் கிழக்கே கண்ணபுரத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1972இல் வந்தது. அங்கிருந்தபோது, 1965இல், ராமசாமி என்ற பாட்டுக்காரர் பல இரவுகள் ஊரார் முன்னால் பாடிய அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அத்தோடு நிறுத்தாமல், அதே பாட்டுக்காரரைக் கூட்டமில்லாமல் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லி எழுத்தரைக் கொண்டு எழுதி வாங்கினார். 1982இல் வந்த தம் நூலில் இரண்டையும் ஒப்பிட்டார். ஒரே மனிதர், ஒரே கதை; ஆனால் இரண்டு பாடங்களும் ஒன்றாக இல்லை. கூட்டத்துக்கு முன்னால் பாடியதற்கு ஒரு வடிவம், எழுத்தரின் பேனாவுக்கு முன்னால் சொன்னதற்கு வேறு வடிவம். இதைக் கேட்டதும் ‘அப்படியானால் இவற்றில் எது சரி?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி அச்சுப் புத்தகத்தோடு வளர்ந்தவர்களின் கேள்வி. ராமசாமிக்கு இரண்டும் அண்ணன்மார் கதைதான். அவர் மாற்றியவை மாற்றத்தக்கவை. மாற்றாதவை மாற்ற முடியாதவை. எவை எவை என்று அவருக்குத் தெரியும், அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.

அச்சு இந்த நிலையைக் கலைக்கப் பார்த்தது. 1971இல் கவிஞர் சக்திக்கனல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யைக் கோவையிலிருந்து பதிப்பித்தார். சுவடியில் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்து படித்தவர்கள் கையில் வைத்தது பெரிய பணி. அவருக்குக் கொங்கு நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அச்சான உடனேயே அதற்கு ஓர் அதிகாரம் வந்துவிட்டது. ‘புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது’ என்று சொல்ல முடிந்தது. ஏடு பழையது, ஆகவே உண்மையானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது, உ.வே. சாமிநாதையர் காலத்திலிருந்து ஏட்டுச் சுவடிக்கு நாம் தரும் மரியாதை அப்படி. சங்க இலக்கியத்துக்கு அது பொருந்தும்; அங்கே ஏட்டைத் தவிர வேறு வழியில்லை. வாய்வழியாக உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் கதைக்கு அதே அளவுகோல் பொருந்தாது. ஏட்டில் எழுதியவரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு பாட்டுக்காரரிடம் கேட்டோ, தாமே பாட்டுக்காரராக இருந்தோதான் எழுதியிருக்க வேண்டும். அவர் எழுதிய அன்று பக்கத்து ஊரில் இன்னொருவர் வேறு விதமாகப் பாடியிருப்பார். ஏடு என்பது ஓர் இரவின் பதிவு. ராமசாமி எழுத்தருக்குச் சொன்னதைப் போன்றதுதான். பழமை அதற்கு மதிப்பைத் தரும். தீர்ப்புச் சொல்லும் இடத்தை மட்டும் தராது.

அப்படியானால் தீர்ப்புச் சொன்னது எது? படுகளம் என்றே நான் சொல்வேன். அண்ணன்மார் கோயில்களில் கதை வெறும் கேட்பதற்கு மட்டும் பாடப்படவில்லை. சாவுக் கட்டம் வரும் இரவில் உடுக்கை வேகமெடுக்கும்போது அருள் வந்தவர்கள் மாண்டவர்களாகத் தரையில் விழுவார்கள். அதுவே படுகளம் விழுதல். வேட்டி போர்த்தி அவர்கள் கிடத்தப்படுவார்கள். அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்த ஊர் அந்த நேரத்தில் இழவு வீட்டில் நிற்கிறது. பிறகு தங்காளின் இடத்தில் நிற்கும் பெண் வந்து, தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்ப வேண்டும். எழும்வரை ஊருக்கு மூச்சு வராது. இங்கே கதையின் எந்தப் பகுதி தவிர்க்க முடியாதது என்பது வாதத்தால் முடிவாவதில்லை. சாவு இல்லாவிட்டால் விழ முடியாது. தங்கை கன்னியாக இல்லாவிட்டால் எழுப்பும் சக்தி அவளுக்கு இல்லை. அண்ணன்மார் மனைவியரைத் தொட்டிருந்தால் சுத்தத்தின் பேரில் வரும் அந்த வலிமை அவர்களுக்கும் இராது; அவர்களைத் தேடி வருபவள் தங்கையாக இராமல் மனைவியாகவே இருந்திருப்பாள். கதையின் நிலையான பகுதி சடங்குக்கு வேண்டிய பகுதி. சடங்குக்கு வேண்டாதது எல்லாம் பாட்டுக்காரரின் பொறுப்பில் விடப்பட்டது.

இந்த உரைகல்லில் 2011 படத்தை உரசிப் பார்த்தால் மக்கள் ஏன் அதை ஏற்கத் தயங்கினார்கள் என்பது விளங்கும். ஆடை அணிகள், போர்க்களம், அரண்மனை எல்லாம் பெரிதாக இருந்தும் எதிர்பார்த்த வரவேற்பு படத்துக்குக் கிடைக்கவில்லை. அதற்குத் திரைக்கதைக் காரணங்கள் பல இருக்கலாம். அவை விமர்சகர்கள் வேலை. ஆனால் அண்ணன்மாரைக் காதலராக்கியது படுகளத்தின் அடித்தளத்தைத் தொட்டது. நாவலாசிரியர் தெரிந்தே செய்த வேலை அது. கருணாநிதி பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர். சாமிகளை மனிதர்களாக்கி, அற்புதங்களை ஒதுக்கி, இரு வீரர்களின் வரலாறாக அதை எழுதினார். எழுத்தாளருக்கு அந்த உரிமை முழுக்க உண்டு. வில்லிபுத்தூரார் வியாசரிடமிருந்தும் கம்பர் வால்மீகியிடமிருந்தும் எடுத்துக்கொண்ட உரிமையே அது. கம்பர் சேர்த்த பல இடங்கள் தமிழ்நாட்டில் இராமாயணமாகவே நிலைத்தன. கருணாநிதியின் நாவல் மட்டும் ஏன் அப்படி நிலைக்கவில்லை என்று கேட்கலாம். கம்பர் பாடியபோது இராமன் தெய்வம் என்ற நம்பிக்கையை அவர் எடுக்கவில்லை. அதை இன்னும் உயர்த்தினார். நாவலோ வழிபாட்டில் இருந்த கதையிலிருந்து வழிபாட்டை எடுத்தது. நாவலாகப் படிப்பதற்கு அதனால் குறைவில்லை. கோயிலில் பாடுவதற்கு அது உதவாது. நாவலை எதிர்த்துப் பாட்டுக்காரர்கள் அறிக்கை விட வேண்டியிருக்கவில்லை. அந்த நாவலை வைத்துப் படுகளம் போட முடியாது என்பதே பதிலாக இருந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை லேசாகக் கடந்துபோக முடியாது. சடங்கு முடிவு செய்தது என்கிறீர்களே, சடங்கை நடத்தியது யார்? கோயில் யாருடையது, பாட்டுக்காரருக்கு நெல் அளந்தது யார், முன்வரிசையில் உட்கார்ந்தது யார்? நிலம் வைத்திருந்த கவுண்டர் குடும்பங்கள்தானே. அவர்கள் குலக் கூட்டத்தின் கோயில், அவர்கள் முன்னோரின் கதை. ஆகவே பணம் கொடுத்தவர் கேட்ட கதையே நிலைத்த கதை. ஸ்டுடியோ முதலாளிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த மறுப்பில் பெரும்பகுதி உண்மை. வேட்டுவர் இந்தக் கதையில் பகைவர்களாக நிற்கிறார்கள். அவர்கள் காடு விவசாயத்துக்காகப் பறிக்கப்பட்டது என்ற பார்வையிலிருந்து பார்த்தால் கொம்பன் பன்றி ஊரை அழிக்க வந்த அசுரனாகத் தெரியாது. காட்டின் கடைசி எதிர்ப்பாகத் தெரியும். கொங்கு நாட்டில் வேட்டுவக் கவுண்டர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். தங்கள் முன்னோரைத் தோற்கடித்த கதையை அவர்கள் தங்கள் கதையாக ஏற்கவேண்டிய எந்தக் கட்டாயமும் இல்லை. சாம்புகனை எடுத்துக்கொள்வோம். பன்றி வேட்டையில் அவன் செய்யும் உதவி இல்லாமல் சங்கரின் வெற்றி இல்லை. ஆனாலும் பல பாடங்களில் அவன் பறையர் குலத்து வேலையாளாகவே நிற்கிறான். நிலவுடைமையின் கண் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆனாலும் ஸ்டுடியோ முதலாளியோடு ஒப்பிடுவது ஓரிடத்தில் முறிகிறது. முதலாளியால் ஓர் அறிவிப்பில் நூறு நாவல்களைத் தள்ள முடிந்தது; நிலக்காரரால் சாம்புகனைத் தள்ள முடியவில்லை. அண்ணன்மாரோடு அவனுக்கும் இடம் இருக்கிறது. படுகளத்தில் அவனும் விழுகிறான், அவனையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. கோயிலின் பலிபீடத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்ட மக்களும் அந்த இரவில் கதையின் நடுவில் இருந்தார்கள், ஏனென்றால் பறையும் உடுக்கையும் இல்லாமல் அருள் இறங்காது. காசு கொடுத்தவர் பாட்டின் நீளத்தையும் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதையும் முடிவு செய்தார். கதையின் சாவையும் உயிர்ப்பையும் முடிவு செய்ய அவரால் முடியவில்லை. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். அதிகாரம் பங்கு பிரிந்து கிடந்த இடத்துக்கும், ஒரே கையில் குவிந்த இடத்துக்கும் இடையே உள்ள தூரம் அது.

இரண்டாவது மறுப்பு எதிர்ப் பக்கத்திலிருந்து வரும். முடிவு செய்ய ஒரு கை இல்லாவிட்டால் கதை சிதறிப்போகாதா? ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னால் பிறகு எதுவும் கதையாக இராதே என்பார்கள். உலகச் சான்று இதற்கு எதிராக இருக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கோனன் டாயில் ஓர் அருவியில் தள்ளிக் கொன்றார். படைத்தவர் அவரே, அவரைவிட உரிமை யாருக்கு? வாசகர்கள் ஏற்கவில்லை. பத்தாண்டுக்குள் ஹோம்ஸ் உயிரோடு திரும்ப வேண்டியதாயிற்று. ‘ஸ்டார் வார்ஸ்’ கதையில் திமோதி ஸான் 1991 நாவலில் படைத்த த்ரான் என்ற பாத்திரம் 2014 அறிவிப்பில் செல்லாதவனானான். 2016இல் ஓர் அனிமேஷன் தொடர் வழியாக அதே நிறுவனம் அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டது. முதலாளிகளும்கூடக் கடைசியில் கேட்பவர்களிடம் வந்து நிற்கிறார்கள். அண்ணன்மார் கதையில் அந்த இடைவெளியே இல்லை. அறிவிப்பு, எதிர்ப்பு, திரும்பப் பெறுதல் என்று ஆண்டுக்கணக்கில் நடப்பது, ஓர் இரவுக்குள் பாட்டுக்காரரின் முகத்துக்கும் கேட்பவரின் முகத்துக்கும் இடையில் நடந்து முடிந்தது. அதனால்தான் இத்தனை பாட்டுக்காரர்கள் கையில் போயும் கதை சிதறவில்லை.

மூன்றாவதாக ஒரு குரல் இன்று பலமாகக் கேட்கிறது: இது வரலாறு, ஆகவே வரலாற்றாய்வே முடிவு செய்யட்டும் என்பது அந்தக் குரல். எந்தச் சோழன் காலம், எந்த ஆண்டு, எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் உண்மைக் கதை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை. தேடட்டும், கல்வெட்டும் காணி உரிமைப் பட்டயங்களும் சொல்லக்கூடியவை நிறைய இருக்கின்றன. நிலத்தகராறு, பங்காளிப் பகை, உழவருக்கும் வேட்டுவருக்கும் இடையிலான சண்டை எல்லாம் கொங்கின் நடுக்கால வரலாற்றில் இருந்தவையே. ஆனால் அப்படிக் கிடைப்பது கதைக்குப் பின்னால் இருந்த ஒரு நிகழ்ச்சியாக இருக்கும். பொன்னரும் சங்கரும் வாழ்ந்தார்கள் என்று நாளையே நிரூபிக்கப்பட்டாலும், அவர்களைத் தங்கை எழுப்பினாள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்லப் போவதில்லை. மக்கள் இத்தனை காலம் கண் விழித்துக் கேட்டது அதைத்தான். வரலாற்றை வைத்துக் கதையைத் திருத்தினால் சாமி போய்விடும்; கதையை வைத்து வரலாற்றை எழுதினால் ஒரு சாதியின் பெருமைப் பட்டியலாகச் சுருங்கிவிடும். இரண்டும் கொங்கில் நடந்துகொண்டிருக்கின்றன, இரண்டாவது அதிகமாக.

இதுவரை சொன்னது இரவுகள் இருந்தவரை பொருந்தும். இப்போது இரவுகளே குறைந்துவிட்டன. பொங்கலூர் வட்டாரத்தில் விசைத்தறி, கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி என்று வாழ்க்கை மாறியபின் ராத்திரி ஷிப்ட் என்பது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. பதினைந்து இரவு உட்கார்ந்து கேட்க ஆளும் இல்லை, பாட ஆளும் குறைவு. பதினைந்து இரவுக் கதை ஓர் இரவாகி, ஓர் இரவும் மைக்செட்டில் சில மணி நேரமாகிறது. சுருக்கும்போது எது போகிறது என்று பார்க்க வேண்டும். படுகளம் போவதில்லை; அது கடைசியாகத்தான் போகும். தாமரையின் தவம், பங்காளிச் சண்டையின் நுணுக்கங்கள், சாம்புகனின் பேச்சுகள், ஊருக்கு ஊர் மாறிய கிளைக்கதைகள் இவைதான் முதலில் போகின்றன. பாட்டுக்காரரின் சுதந்திரம் எங்கே இருந்ததோ அந்தப் பகுதி அழிகிறது. சடங்கு தன் எலும்பைக் காப்பாற்றிக்கொண்டு சதையை விட்டுக்கொடுக்கிறது. விடுபட்ட இடத்தை நாவலும் படமும் நிரப்புகின்றன. படத்தைக் கோயில் ஏற்கவில்லை என்றேன். ஆனால் கோயிலில் பாடாமல் போன பகுதிகளைப் பற்றி இன்றைய இளைஞருக்குத் தெரிந்ததெல்லாம் படம் சொன்னதுதான் என்றால், படம் அங்கே தோற்கவில்லை. போட்டியே இல்லாமல் ஜெயித்துவிட்டது.

தமிழ் மரபு இழப்பை எப்படி விளக்கிக்கொண்டது என்பதற்குத் திருமுறைகண்ட புராணம் ஒரு சாட்சி. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை அரசனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது. இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் விட்டு வைத்தோம் என்று அசரீரி சொன்னதாக அந்நூல் கூறும். கரையான் முடிவு செய்ததை இறைவன் முடிவு செய்ததாக ஏற்றுக்கொண்ட பெரிய ஆறுதல் அது. பிறகு சேக்கிழாரின் பெரியபுராணமும் சேர்ந்து பன்னிரண்டு திருமுறை என்று எல்லை கட்டப்பட்டது. அந்த எல்லைக்குப் பின்னால் அரசும் கோயிலும் இருந்தன. அண்ணன்மார் கதையில் அத்தகைய ஆறுதலுக்கு நாம் போகக் கூடாது என்பது என் கருத்து. ஷிப்ட் நேரமும் கூலிக் கணக்கும் தின்றதை ‘வேண்டாததுதானே போயிற்று’ என்று சொல்லிவிட்டால், முடிவு செய்யும் அதிகாரத்தைக் கேட்பவர்களிடமிருந்து எடுத்துக் கரையானிடம் கொடுத்ததாகிவிடும்.

பெக் பதிவு செய்த கதை 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாகத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளில் வந்தது. அதையே வைத்து ‘பொன்னிவள நாடு’ என்று 26 பகுதி அனிமேஷன் தொடரும் சித்திரக்கதைகளும் செய்யப்பட்டன. அவர் சேர்த்தவை இன்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கொங்கில் பிறந்து வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு அண்ணன்மார் கதை கிடைப்பது இந்த வழியில்தான். இந்த உழைப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஓலப்பாளையத்தில் ஒரு பாட்டுக்காரர் சில இரவுகள் பாடிய பாடம், பதிவாகி இப்படிப் பரவியது என்பதால், எல்லா ஊருக்குமான பாடமாக ஆகிவிடும். ராமசாமியே அதை ஏற்றிருக்க மாட்டார். அவர் தம் கதையைத் தாமே இரண்டு விதமாகச் சொன்னவர். ஆகவே வேண்டியது இன்னொரு செம்பதிப்பு அன்று. பொங்கலூர், காங்கயம், தாராபுரம், கரூர், மணப்பாறைப் பக்கங்களில் இன்னும் உடுக்கை எடுக்கத் தெரிந்தவர்களைத் தேடி, ஒவ்வொருவர் பாடுவதையும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை, தனியாக ஒரு முறை என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் வேட்டுவக் கவுண்டர் வீடுகளில் சொல்லப்படும் கதையும், சாம்புகனைத் தங்கள் முன்னோராகக் கருதுபவர்கள் சொல்லும் கதையும் சேர வேண்டும். அவர்கள் பாடம் கவுண்டர் கோயில் பாடத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கொங்கு நாட்டில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, நாட்டுப்புறவியல் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு லட்சங்கள் திரட்டும் கூட்டங்களும் இருக்கின்றன. பதிவுக்கு ஆகும் செலவு ஒரு கோபுரத்துக்குச் சுதை வேலை செய்யும் செலவைவிடக் குறைவு. பாடத் தெரிந்தவர்களில் பலர் முதியவர்கள். இந்த மாசிக்கு இருப்பவர் அடுத்த மாசிக்கு இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.